மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் எந்தக் கடன் தீரும், எந்தக் கடன் நிற்கும்?

கடன் கழுத்தை நெரிக்கும்போது ஊரில் யாராவது ஒருவர் சொல்வார்: “பேசாம ஐ.பி. போட்டுடு. மஞ்சள் நோட்டீஸ் போச்சுன்னா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்.” ஐ.பி. என்றால் திவால் மனு; மஞ்சள் நோட்டீஸ் என்றால் அது பற்றிக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் நோட்டீஸ். இந்தப் பேச்சை நம்பி வக்கீல் ஆபீஸ் படி ஏறுகிறவர்கள் அநேகம். அவர்களில் பலர் ஒன்றிரண்டு ஆண்டு கழித்துப் பழைய இடத்திலேயே நிற்கிறார்கள். வீடு ஏலத்துக்குப் போயிருக்கும், செக் வழக்கில் சம்மன் வந்திருக்கும், ஜாமீன் போட்ட மச்சானோடு பேச்சுவார்த்தை அற்றுப்போயிருக்கும். சட்டம் அவர்களைக் கைவிட்டது என்று சொல்ல முடியாது. எந்தக் கடனைச் சட்டம் தள்ளும், எதைத் தள்ளாது என்பதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மனு போடுவதால் கடன் தீராது. நோட்டீஸ் அனுப்புவதாலும் தீராது. வழக்கின் முடிவில் நீதிமன்றம் தரும் விடுவிப்பு ஆணைதான் கடனைத் தீர்க்கும். அந்த ஆணையும் எல்லாக் கடனையும் தொடாது.

எந்தச் சட்டம், எந்தக் கோர்ட்?

தமிழ்நாட்டில் தனிநபர் திவால் வழக்குகள் இன்றும் வெள்ளைக்காரர் காலத்துச் சட்டங்களின்படியே நடக்கின்றன. சென்னை உயர்நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் இருப்பவர்களுக்கு 1909-ஆம் ஆண்டின் ராஜதானி நகரங்கள் திவால் சட்டம். அவர்களின் மனுவை உயர்நீதிமன்றம் விசாரிக்கும், சொத்தை அபிஷியல் அசைனி பொறுப்பேற்பார். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். மாவட்ட நீதிமன்றமோ, அதிகாரம் தரப்பட்ட சார்பு நீதிமன்றமோ விசாரிக்கும், சொத்து அபிஷியல் ரிசீவரிடம் போகும். நீங்கள் குடியிருக்கும், தொழில் நடத்தும் அல்லது வேலை பார்க்கும் இடத்தை வைத்து எந்தக் கோர்ட் என்பது முடிவாகும்.

2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஆனால் அந்தப் பகுதி 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. கடை வைத்திருப்பவர், சம்பளக்காரர், விவசாயி ஆகியோருக்குப் பழைய சட்டம்தான். இந்த அத்தியாயம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியே போகிறது. கடன் விடுவிப்பு விஷயத்தில் சென்னைக்கான சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது.

கடனைக் கட்ட வழியில்லாத நிலை, அதோடு 500 ரூபாய்க்குக் குறையாத கடன். இவை இருந்தால் கடனாளியே மனு போடலாம். 500 ரூபாய் என்பது 1920-இன் கணக்கு; இன்று அது யாருக்கும் தடையாக இருக்காது.

உங்கள் கடன்களை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, கொடுக்க வேண்டிய ஒவ்வொரு பைசாவையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கீழே உள்ள மூன்று பிரிவில் ஒன்றில் சேருங்கள். மனு போடுவதா வேண்டாமா என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

பிரிவு 1: விடுவிப்பு ஆணையோடு தீரும் கடன்கள்

சொத்து எதையும் பிணை வைக்காமல், ஏமாற்று எதுவும் இல்லாமல், திவால் தீர்ப்புக்கு முன்பு வாங்கிய சாதாரணக் கடன்கள் எல்லாம் இதில் வரும்.

- புரோநோட்டு எழுதி வாங்கிய கடன், கைமாற்று
- கடைச் சரக்குக்கு மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கி
- கிரெடிட் கார்டு பாக்கி, பிணையில்லாத தனிநபர் கடன், செயலி மூலம் வாங்கிய கடன்
- எடுத்த சீட்டுக்குக் கட்ட வேண்டிய மீதித் தவணை
- ஆஸ்பத்திரி பில், வாடகை பாக்கி
- பணத்துக்காக ஏற்கெனவே டிக்ரி ஆன தொகை

டிக்ரி ஆகிவிட்டதே, இனி என்ன செய்வது என்று பலர் கலங்குகிறார்கள். டிக்ரி ஆனாலும் அது பணக்கடன்தான். சொத்து ஜப்தி ஆகியிருந்தாலோ, டிக்ரிக்காகக் கைதாகியிருந்தாலோ, அதுவே மனு போடுவதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. அரசுடைமை வங்கியில் வாங்கியது என்பதாலேயே ஒரு கடன் அரசுக் கடன் ஆகிவிடாது. வங்கி தனிச் சட்ட உருவம் கொண்ட அமைப்பு. கல்விக் கடனையும் பழைய சட்டம் தனியாக ஒதுக்கி வைக்கவில்லை. 2016 சட்டம் அதைத் தீராத கடன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பகுதி எல்லோருக்கும் அமலுக்கு வரும் நாளில் நிலைமை மாறும்.

கந்துவட்டிக்கு வாங்கியிருந்தால் கொடுத்தவர் சொல்லும் தொகையை அப்படியே எழுதிவிடாதீர்கள். கைக்கு வந்த அசல் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு என்பதைத் தனியாக எழுதி, மீதியை ஒப்புக்கொள்ளவில்லை என்று குறிப்பிடச் சொல்லுங்கள். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தின்படி அதற்குத் தனியாகப் புகாரும் கொடுக்கலாம்.

பிரிவு 2: சொத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கடன்கள்

வீட்டுக் கடன், நிலத்தின் மேல் அடமானம், வண்டிக் கடன், நகைக் கடன் ஆகியவை இந்த வகை. திவால் தீர்ப்பு வந்தாலும் அடமானம் வாங்கியவரின் உரிமையில் அது கை வைக்காது என்று 28-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வங்கி 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தின்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் கைப்பற்றி விற்க முடியும். ஐ.பி. போட்டு வீட்டைக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் இதில் ஒரு நல்ல வாசல் இருக்கிறது. சொத்து விற்ற பணம் கடனுக்குப் போதாமல் போனால், அந்தத் துண்டுத் தொகை சாதாரணக் கடனாகி முதல் பிரிவுக்கு வந்துவிடும். விடுவிப்பு ஆணை அதைத் தீர்க்கும். வீடு போன பிறகும் பாக்கி துரத்துகிறது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் உண்மையாகவே உதவும்.

பிரிவு 3: எந்த ஆணைக்கும் அசையாத கடன்கள்

44-ஆவது பிரிவு நான்கைப் பெயர் சொல்லி ஒதுக்குகிறது.

1. அரசுக்குத் தர வேண்டியது. வருமான வரி, ஜிஎஸ்டி போன்றவை இதில் வரும்.
2. மோசடி செய்தோ, நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடியோ ஏற்பட்ட கடன். ஒரே இடத்தை வில்லங்கம் மறைத்து இரண்டு பேருக்கு அடமானம் வைத்தது, கோயில் பொதுப்பணத்தை எடுத்தது போன்றவை. ஊரார் டெபாசிட்டைத் திரட்டி ஏமாற்றியவர்மேல் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் பாயும்.
3. பொய் சொல்லித் தவணை வாங்கிய கடன். கடன் நேர்மையாக வாங்கியதாகவே இருக்கலாம். ஆனால் போலி ஆவணத்தைக் காட்டி “ஆறு மாசம் பொறுங்க” என்று அவகாசம் பெற்றிருந்தால் அந்தக் கடனும் நிற்கும்.
4. மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்குத் தரும்படி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் உத்தரவான ஜீவனாம்சம். பழைய 125-ஆவது பிரிவின் இடத்தில் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு இருக்கிறது.

இவற்றோடு இன்னும் மூன்றையும் இதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விபத்து, அவதூறு போன்றவற்றுக்காக உங்களிடம் கேட்கப்பட்டு, தொகை இன்னும் தீர்மானமாகாத நஷ்டஈடு திவால் கணக்கில் சேராது. அதனால் தீரவும் தீராது. திவால் தீர்ப்புக்குப் பிறகு புதிதாக வாங்கும் கடனும் அப்படியே. மூன்றாவதாக, கோர்ட் விதித்த அபராதம்.

செக் கொடுத்திருந்தால்

கடன் வாங்கும்போது வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நம் பக்கம் சர்வசாதாரணம். அந்தச் செக் திரும்பினால் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவின்படி வழக்கு வரும். அது குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. திவால் மனு சிவில் கடனுக்கான பரிகாரம்; குற்ற வழக்கு அதன் போக்கில் நடக்கும். யார் யாரிடம் எந்த எண்ணுள்ள செக் இருக்கிறது என்ற பட்டியலை முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். செக் வழக்கைச் சமரசம் பேசி முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது.

ஜாமீன் போட்டவர் தப்பமாட்டார்

இந்த அத்தியாயத்தில் என் மனதை மிகவும் உறுத்துவது இதுதான். விடுவிப்பு ஆணை உங்களை மட்டும் விடுவிக்கும். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், கூட்டாகக் கடன் வாங்கியவர், தொழில் பங்காளி ஆகிய யாரையும் அது விடுவிக்காது. நீங்கள் விலகியதும் கடன் கொடுத்தவர் நேராக அவர் வீட்டுக்குத்தான் போவார். மகளிர் குழுக் கடனில் கூட்டுப் பொறுப்பு எழுதியிருந்தால் மற்ற உறுப்பினர்கள் தலையில் விழும். பிள்ளையின் கல்விக் கடனில் அப்பா கூட்டுக் கடனாளி என்றால் அப்பாவின் பொறுப்பு அப்படியே இருக்கும்.

அவர் கட்டிவிட்டு உங்களிடம் கேட்கும் உரிமையும் திவால் கணக்கில்தான் சேரும். மற்றவர்களோடு வரிசையில் நின்று கிடைத்த பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நம்பிக் கையெழுத்துப் போட்டவருக்குக் கோர்ட் நோட்டீஸ் மூலமாகச் செய்தி போகக் கூடாது. மனு போடும் முன் நேரில் போய்ச் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்து வங்கியில் ஒரே தவணைத் தீர்வு பேச முடியுமா என்று பாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு

விளங்கிக்கொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஈரோடு பக்கம் மளிகைக் கடை நடத்தி நொடித்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தர வேண்டியவை:

- மொத்த வியாபாரிகளுக்குச் சரக்குப் பாக்கி: 6,00,000
- புரோநோட்டுக் கடன்: 5,00,000 (இதில் 2,00,000-க்கு மச்சான் ஜாமீன்)
- கிரெடிட் கார்டு, தனிநபர் கடன்: 4,00,000
- வீட்டு அடமானக் கடன்: 12,00,000
- ஜிஎஸ்டி பாக்கி: 1,50,000
- பிரிந்து வாழும் மனைவிக்கு மாதாமாதம் ஜீவனாம்சம்: 8,000

வங்கி வீட்டை விற்றதில் 10,00,000 கிடைக்கிறது. மீதி 2,00,000 சாதாரணக் கடனாகிறது. ஆக முதல் பிரிவில் 6 + 5 + 4 + 2 = 17 லட்சம். கடைச் சரக்கையும் சாமானையும் ரிசீவர் விற்று, செலவு போக 3,50,000 கையில் நிற்கிறது. அரசுக் கடனுக்கு முன்னுரிமை. ஜிஎஸ்டிக்கு 1,50,000 போகிறது. மீதி 2,00,000-ஐ 17 லட்சத்துக்குப் பங்கிட்டால் ரூபாய்க்குச் சுமார் 12 காசு. விடுவிப்பு ஆணை கிடைத்தால் எஞ்சிய ஏறத்தாழ 15 லட்சம் அவரை விட்டு நீங்கும்.

நிற்பவை எவை? ஜீவனாம்சம் ஒரு மாதம்கூடத் தடைபடாது. மச்சான் ஜாமீன் நின்ற 2 லட்சத்தில் பங்காக வந்தது போக மீதி மச்சானிடம் கேட்கப்படும். சொத்து விற்ற பணம் ஜிஎஸ்டிக்கே போதாமல் இருந்திருந்தால் அந்த மிச்சமும் இவர் தலைமேல்தான் நிற்கும். இந்தக் கணக்கை உங்கள் எண்களைப் போட்டுச் செய்துபாருங்கள். முதல் பிரிவு பெரிதாக இருந்தால் மனுவால் பலன் உண்டு. இரண்டும் மூன்றும் பெரிதாக இருந்தால் வேறு வழி தேடுவதே நல்லது.

விடுவிப்பு ஆணை தானாக வராது

திவாலானவர் என்று தீர்ப்புச் சொல்லும்போதே, எந்தக் காலத்துக்குள் விடுவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கெடு குறிக்கும். பலர் சறுக்குவது இங்கேதான். நோட்டீஸ் போனதோடு தொந்தரவு குறைந்துவிட, வழக்கை மறந்துவிடுகிறார்கள். கெடு தாண்டினால் தீர்ப்பே ரத்தாகும். கடன்கள் எல்லாம் திரும்ப உயிர்பெறும். அப்படி ரத்தானவர் கோர்ட்டின் அனுமதி இல்லாமல் மறுபடி மனு போடவும் முடியாது. அந்தத் தேதியை வீட்டு காலண்டரில் பெரிதாகக் குறித்து வையுங்கள். அவகாசம் தேவைப்பட்டால் கெடு முடியும் முன்பே கேளுங்கள்.

விண்ணப்பித்தாலும் முழு விடுவிப்பு நிச்சயம் இல்லை. 42-ஆவது பிரிவு சில காரணங்களைச் சொல்கிறது. உங்கள் சொத்தின் மதிப்பு ரூபாய்க்கு எட்டணா, அதாவது கடனில் பாதி அளவுக்குக்கூட இல்லாமல் போவது, தொழில் செய்பவர் கடைசி மூன்றாண்டுக்குக் கணக்குப் புத்தகம் வைக்காதது, திரும்பக் கட்ட வழியில்லை என்று தெரிந்தே கடன் வாங்கியது, சூதாட்டம், ஊதாரிச் செலவு, சொத்தை ஒளித்தது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றில் ஒன்று இருந்தாலும் நிபந்தனையற்ற விடுவிப்பைக் கோர்ட் மறுக்கும். ஆணையைச் சில காலம் நிறுத்தி வைக்கலாம், அல்லது வருங்கால வருமானத்தில் ஒரு பங்கு கட்டும்படி நிபந்தனை போடலாம்.

நம் மளிகைக் கடைக்காரருக்கு வந்தது 12 காசு. எட்டணா எங்கோ இருக்கிறது. ஆனால் சொத்து குறைந்துபோனது தன் தவறால் அல்ல என்று நிரூபித்தால் சட்டம் வழிவிடுகிறது. சாலை விரிவாக்கத்தில் கடை முகப்பு போனது, வெள்ளத்தில் சரக்கு நனைந்தது, உடல்நலக் குறைவால் மாதக்கணக்கில் கடை அடைத்தது என்று எதுவானாலும், அதை நிரூபிக்கப் பேரேடும் பில்லும் ஆஸ்பத்திரி ரசீதும் வேண்டும். ஆகவே கடை மூடும்போது பழைய கணக்கு நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்.

செய்யக் கூடாதவை

- மனு போடும் முன் வீட்டை மனைவி பேருக்கோ தம்பி பேருக்கோ எழுதிவைக்காதீர்கள். பணம் வாங்காமல் செய்த மாற்றம் மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் நடந்திருந்தால் கோர்ட் அதை ரத்து செய்யலாம்.
- மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் சொந்தக்காரர் கடனை மட்டும் தீர்த்து மற்றவர்களை விட்டுவிடாதீர்கள். அந்தப் பணத்தை ரிசீவர் திரும்பக் கேட்க முடியும்.
- பட்டியலில் எந்தக் கடன்காரரையும் எந்தச் சொத்தையும் மறைக்காதீர்கள். மறைப்பது குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு.
- விடுவிப்புக்கு முன் திவாலான விஷயத்தைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்காதீர்கள். அதுவும் குற்றம்.

உங்களிடம் மிஞ்சுபவை

எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு நடுத்தெருவில் நிறுத்துவது சட்டத்தின் நோக்கமல்ல. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவு பட்டியலிடும் பொருட்களை ரிசீவர் எடுக்க முடியாது: உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போல மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் உழவு மாடும் விதை நெல்லும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியைத் திவால் ரிசீவர் தொடக் கூடாது என்று 1952-ஆம் ஆண்டின் அந்தச் சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. பி.எஃப். பணத்தை எடுத்துக் கந்துவட்டிக்குக் கட்டிவிட்டு, பிறகு மனு போட வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். பாதுகாப்பான பணத்தை முதலில் இழக்காதீர்கள்.

சிறைக்குப் போக நேருமோ என்ற அச்சமும் பலரை வாட்டுகிறது. வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாதவரைத்தான் டிக்ரிக்காகச் சிறையில் வைக்கலாம். வறுமைக்காக மட்டும் ஒருவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. திவால் தீர்ப்புக்குப் பிறகு கைதிலிருந்து பாதுகாப்பு ஆணையும் கேட்டுப் பெறலாம்.

வக்கீலிடம் போகும்போது கொண்டுபோக வேண்டியவை

1. கடன் பட்டியல்: கொடுத்தவர் பெயர், முகவரி, தொகை, வாங்கிய தேதி, அடமானம் உண்டா, ஜாமீன் யார், செக் கொடுத்ததா
2. சொத்துப் பட்டியல்: பத்திர நகல், வில்லங்கச் சான்று, வண்டி, வங்கிக் கணக்கு, உங்களுக்கு வர வேண்டிய பாக்கிகள்
3. மூன்றாண்டுக் கணக்கு, வங்கி அறிக்கை, வரிக் கணக்கு
4. வந்த நோட்டீஸ், சம்மன், டிக்ரி நகல்கள்

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எதுவானாலும் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கணக்கைக் கடன் கொடுத்தவர்களிடம் காட்டி ஒரு தீர்வை முன்வைக்கவும் சட்டம் இடம் தருகிறது. கடனை நிரூபித்தவர்களில் தலைக்கணக்கில் பெரும்பான்மையும், கடன் தொகையில் நான்கில் மூன்று பங்கும் ஒப்புக்கொண்டு கோர்ட்டும் ஏற்றால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். வருமானம் கொஞ்சம் மிச்சமிருப்பவர்களுக்கு இது நல்ல வழி.

கடனில் நொடிப்பது குற்றமல்ல. உயிரை விடுவதற்கோ ஊரை விட்டு ஓடுவதற்கோ அது காரணமும் அல்ல. நேர்மையாக நொடித்தவர் மறுபடி தொழில் தொடங்கிக் குடும்பத்தைக் காக்கட்டும் என்றுதான் இந்தச் சட்டம் விடுவிப்பு என்ற கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதற்கு அது கேட்பது, எதையும் மறைக்காத கணக்கும் கெடு தவறாமல் போடும் விண்ணப்பமும். மூன்று பிரிவுப் பட்டியலை இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீலிடம் பேசுங்கள். மனுவில் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.